வேலை நாள் இரவில் இருவருக்கு சுஷி: ஆர்டர் முதல் கடைசி வாய் வரை

மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டிய இருவருக்கு சுஷி அருமையான இரவுச் சாப்பாடு. வயிறு கனக்காது, ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடலாம். ஆனால் மெனுவைப் பார்த்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால், பாதி ருசி தட்டிலேயே செத்துப்போகும்.

முன்பதிவு செய்யும்போது கவுண்டர் இருக்கை கேளுங்கள். செஃப் பிடித்த கையோடு நிகிரி, அதாவது மேலே மீன் வைத்த சோற்றுப் பிடி, உங்கள் முன் வந்துவிடும். கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். எதைத் தருவது என்பதைச் செஃபிடமே விட்டுவிடும் ஒமாகாசே இரண்டு மணி நேரம் வரை இழுக்கும். அது விடுமுறை நாளுக்குத்தான் சரி. சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். மீனின் மெல்லிய மணம் அதில் அமுங்கிவிடும்.

பல கடைகளில் நிகிரி ஒரு வகைக்கு இரண்டு துண்டாக வரும், ஆளுக்கு ஒன்று. ஏழெட்டு வகை நிகிரி, ஆறு துண்டு மாகி (கடற்பாசித் தாளில் சுருட்டி வெட்டிய சோறு) ஒன்று, மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப் இரண்டு: சாதாரணப் பசிக்கு இது போதும். ஒற்றைத் துண்டாகத் தரும் கடைகளும் உண்டு, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே துண்டை வெட்டிப் பகிரப் பார்த்தால் சோறு உதிர்ந்துவிடும்.

ஒரு சுற்றுக்கு இரண்டு அல்லது மூன்று வகை மட்டும் சொல்லுங்கள். நிகிரியின் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும்போதுதான் ருசி. காத்திருந்தால் ஆறி இறுகிவிடும், மேலே இருக்கும் மீனும் காய்ந்துவிடும். முதலில் தாய் (சீ பிரீம்), ஹிராமே (தட்டை மீன்) போன்ற வெள்ளை மீன்களும் கணவாயும். அடுத்து அகாமி, அதாவது சூரையின் கொழுப்பில்லாத சிவப்புச் சதை. பிறகு சால்மன், தோரோ, அதாவது சூரையின் கொழுப்பு நிறைந்த வயிற்றுச் சதை. கடைசியில் இனிப்புச் சாஸ் தடவிய விலாங்கும் முட்டையும். தோரோவை முதலில் தின்றால் நாக்கில் கொழுப்பு படிந்து, பின்னால் வரும் வெள்ளை மீன் சப்பென்று ஆகிவிடும். வகை மாறும்போது ஊறுகாய் இஞ்சி ஒரு துண்டு மென்றுகொள்ளுங்கள். அதை நிகிரியின் மேல் வைத்துச் சாப்பிடுவதில்லை.

அதிகம் பேர் சொதப்புவது சோயா சாஸில்தான். கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் ஊற்றினால் போதும். நிகிரியைக் கையால் எடுக்கலாம், அதில் தவறே இல்லை. கட்டைவிரலாலும் நடுவிரலாலும் இரு பக்கமும் பிடித்து, பக்கவாட்டில் சாய்த்து, மீனின் நுனியை மட்டும் சாஸில் தொட்டு, முழுத் துண்டையும் ஒரே வாயில் போடுங்கள். சோற்றுப் பக்கம் நனைந்தால் சாஸை உறிஞ்சிப் பிடி விட்டுவிடும், உப்பும் கரிக்கும். கடற்பாசித் தாள் சுற்றி, மேலே மீன் முட்டை வைத்த குங்கனைச் சாய்க்க முடியாது. இஞ்சியைச் சாஸில் நனைத்து மேலே தடவுங்கள். செஃபே சாஸ் பூசித் தந்தால் அப்படியே சாப்பிட வேண்டியதுதான்.

வசாபி என்ற காரமான பச்சை விழுது பெரும்பாலும் மீனுக்கும் சோற்றுக்கும் நடுவே ஏற்கெனவே இருக்கும். வேண்டாமென்றால் ஆர்டரிலேயே "சாபி நுக்கி" என்று சொல்லுங்கள். கூம்பாகச் சுற்றிய தெமாகியை வந்த நொடியே கடித்துவிடுங்கள், நோரி (கடற்பாசித் தாள்) சீக்கிரம் நமுத்துவிடும்.

சாப்ஸ்டிக்கிலிருந்து சாப்ஸ்டிக்குக்கு உணவைக் கைமாற்றாதீர்கள். ஜப்பானில் தகனத்துக்குப் பின் எலும்புகளை எடுக்கும் முறை அது. துணைக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால் தட்டில் வையுங்கள்.

இருவரில் ஒருவர் சைவம் என்றால் வெள்ளரிக்காய் மாகி, அவகாடோ மாகி சொல்லலாம். மிசோ சூப், முட்டை, இனாரி (பொரித்த டோஃபு பையில் அடைத்த சோறு) ஆகியவற்றில் பெரும்பாலும் மீன் சேர்த்த தாஷி என்ற சாறு இருக்கும் என்பதால் கேட்காமல் வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குப் பச்சை மீன் வேண்டாம்; நன்றாக வெந்த இறால், விலாங்கு வகைகளைத் தனித் தட்டில் தரச் சொல்லுங்கள்.