மீட்டரை இடம் மாற்றும் முன்

சிங்கப்பூரில் தரைவீட்டை இடித்துக் கட்டும்போதோ, வாயிற்கதவை அகலப்படுத்தும்போதோ, சுற்றுச்சுவர்த் தூணில் இருக்கும் மின் மீட்டர் குறுக்கே நிற்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள். "அரை மணி நேர வேலை, நானே கழற்றிவிடுகிறேன்" என்று கட்டுமானக் குத்தகையாளர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். மீட்டர் வீட்டுக்காரரின் சொத்தன்று. அதன் மூடியில் கம்பி கோத்து இட்டிருக்கும் சிறு முத்திரையை அறுப்பதே குற்றமாகலாம்.

மின் மீட்டரை மாற்றவோ அகற்றவோ, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின் பணியாளரை அமர்த்தி, அவர் வழியாக, மின் கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். தண்ணீர் மீட்டருக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளர் தேவை. எரிவாயுவுக்கும் அதற்கென உரிமம் பெற்றவர் தனியே உண்டு. ஒருவரே மூன்றையும் முடித்துத் தருவதாகச் சொன்னால், மூன்று உரிமங்களையும் காட்டச் சொல்லுங்கள், சங்கடப்படத் தேவையில்லை.

இடிப்பு வேலைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே விண்ணப்பத்தைத் தொடங்குவது நல்லது. மீட்டரை அகற்ற வரும் நாளில், அதன் எண்ணும் அது காட்டும் அளவும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் எடுத்து வையுங்கள். இறுதிக் கட்டணத்தில் ஐயம் எழுந்தால், அந்தப் படமே பேசும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடுகளில் மீட்டர் பெரும்பாலும் தாழ்வாரத்துப் பெட்டியில் இருப்பதால் இந்தச் சிக்கல் அரிது. ஆனால் அந்தப் பெட்டிக் கதவை மறைத்துக் காலணி அலமாரி வைப்பவர்கள் மட்டும் அதைச் சற்று நகர்த்திவிடலாம்.