படத்தில் வரையாத ஓம்: 12 வோல்ட் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே போனாலும் 12 வோல்ட் வேலை இருக்கிறது. நாட்டுப்படகில் விளக்கு, வலைக் கொட்டகையில் ஒரு சின்ன சோலார் பேனல், வீட்டில் பிள்ளைகள் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகி இணைக்கும் துளைப் பலகையில்) செருகிப் பார்க்கும் எல்.இ.டி. எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான்: ஆம்பியரை ஓமால் பெருக்கினால் வோல்ட். ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட இந்த விதியைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். பெருக்கல், வகுத்தலில் யாரும் அதிகம் தவறுவதில்லை. சர்க்யூட் வரைபடத்தில் இல்லாத ஓமை, அதாவது தடையை, மறப்பதில்தான் தவறு தொடங்குகிறது. ஒயருக்கு ஓம் உண்டு, சுவிட்சுக்கு உண்டு, உப்புக் காற்று பட்டுக் களிம்பு பிடித்த ஜாயின்ட்டுக்கு நிறையவே உண்டு.

முதலில் எல்.இ.டி. வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கரண்டை மட்டுப்படுத்த, 12-ஐ அப்படியே 0.02-ஆல் வகுத்து 600 ஓம் ரெசிஸ்டர் போடுகிறவர்கள் உண்டு. ஓம் விதியை எல்.இ.டி.மேல் போடக் கூடாது, ரெசிஸ்டர்மேல்தான் போட வேண்டும். எல்.இ.டி. தன் 3 வோல்ட்டை எடுத்துக்கொண்டபின் மிச்சம் 9. அதை 0.02-ஆல் வகுத்தால் 450 ஓம். கடையில் கிடைப்பது 470. மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்ற மறந்து 9-ஐ 20-ஆல் வகுத்தால் 0.45 வரும். அது கிலோ ஓம் என்பதை நினைவில் வைத்தால் அந்தக் குழப்பமும் தீர்ந்தது.

இத்துடன் நிறுத்தினால் போதாது. பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். அப்போது ரெசிஸ்டரில் விழுவது 11.4 வோல்ட், ஓடுவது 24 மில்லி ஆம்பியர், சூடாக வெளியேறுவது 0.28 வாட். சாதாரணமாகக் கையில் கிடைக்கும் கால் வாட் ரெசிஸ்டருக்கு இது தாங்காது. அரை வாட் போடுங்கள். ரெசிஸ்டர்மேல் உள்ள நிற வளையங்கள் 470 ஓமுக்கு மஞ்சள், ஊதா, பழுப்பு. 4,700 ஓமுக்கு மஞ்சள், ஊதா, சிவப்பு. மங்கிய வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும். சால்டர் வைக்கும் முன் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. பல எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் போட்டு ஒரே ரெசிஸ்டர் கொடுப்பதும் தவறு. எது கொஞ்சம் குறைந்த வோல்ட்டில் எரிகிறதோ அது மற்றவற்றின் பங்கையும் இழுத்துக்கொண்டு முதலில் போகும்.

ரெசிஸ்டர் போட்டு 12 வோல்ட்டை 5 ஆக்கி போன் சார்ஜ் செய்யலாம் என்ற எண்ணம் இன்னும் ஆபத்தானது. 1 ஆம்பியருக்குக் கணக்குப் போட்டால் 7 ஓம் சரியாகத்தான் தோன்றும். சார்ஜ் நிறைந்து போன் 0.1 ஆம்பியர் மட்டும் எடுக்கும் நேரத்தில் அந்த 7 ஓமில் விழுவது வெறும் 0.7 வோல்ட். மீதி 11.3 வோல்ட்டும் போனுக்குள் போகிறது. கரண்ட் மாறும் இடத்தில் ரெசிஸ்டரால் வோல்ட்டைக் கட்டிப்போட முடியாது. எல்.எம். 2596 போன்ற, வோல்ட்டைக் குறைத்துத் தரும் பக் கன்வெர்ட்டர் போர்டு வாங்கி, போனைச் செருகும் முன்பே மீட்டர் வைத்து 5 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். 7805 ஐ.சி.யும் 5 வோல்ட் தரும். ஆனால் 1 ஆம்பியர் எடுத்தால் மிச்சமுள்ள ஏழு வாட்டையும் சூடாகத்தான் தள்ளும், ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் அதை ஓட்டக் கூடாது. அதேபோல் '12 வோல்ட் பேனல்' என்று விற்பது லோடு இல்லாத வெயிலில் 21 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் எதையும் அதில் நேராக மாட்ட வேண்டாம்.

படகில் அதிகம் நடக்கும் தவறு ஒயரில் இருக்கிறது. வீட்டில் 230 வோல்ட்டில் 60 வாட் விளக்கு இழுப்பது கால் ஆம்பியர். அதே 60 வாட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். வீட்டு விளக்குக்குப் போட்ட 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரையே படகிலும் இழுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து விளக்குக்கு 8 மீட்டர். போக 8, திரும்ப 8, ஆக 16 மீட்டர். திரும்பி வரும் ஒயரைக் கணக்கில் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இந்த ஒயர் மீட்டருக்கு 0.026 ஓம், மொத்தம் சுமார் 0.42 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது 2.1 வோல்ட் வழியிலேயே போய்விடும், 12.6 வோல்ட் பேட்டரியிலிருந்து விளக்குக்குச் சேர்வது 10.5. பேட்டரி செத்துவிட்டது என்று புதுசு வாங்கினாலும் வெளிச்சம் கூடாது. 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.64 வோல்ட், 4 போட்டால் 0.4. செம்பிலும் வெள்ளீயம் பூசிய கம்பி கிடைத்தால் விலையைப் பார்க்காதீர்கள்.

இனி களிம்பு. கெட்ட ஜாயின்ட்டை விளக்கை அணைத்துவிட்டு மீட்டரில் பார்த்தால் 12.6 வோல்ட் முழுசாகக் காட்டும். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகக் குறைவு. கரண்ட் ஓடாத இடத்தில் எந்த ஓமிலும் வோல்ட் விழாது. ஓம் ரேஞ்சில் வைத்துப் பார்ப்பதும் உதவாது, சாதாரண மீட்டரின் ஒயர்களே 0.3 ஓம் காட்டும். விளக்கு எரியும்போதுதான் சோதிக்க வேண்டும். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தண்டின்மேலேயே ஊன்றி, மற்றதை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் வையுங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள், பாதிக் கோளாறு அங்கேதான். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அடுத்து கிளாம்பிலிருந்து சுவிட்ச் வரை, சுவிட்சின் இரு பக்கம், சுவிட்சிலிருந்து விளக்கு வரை, பிறகு மைனஸ் பக்கமும் அப்படியே. ஒரு ஜாயின்ட்டில் 0.9 வோல்ட் நின்றால், 5 ஆம்பியரால் வகுத்தால் 0.18 ஓம். அந்த ஒரே புள்ளியில் 4.5 வாட் சூடு, டேப் உருகி ஒழுகுவதற்கு அது போதும்.

அந்த டேப்பைப் பிரித்தால் கம்பி இழைகள் பச்சையாகப் பொரிந்து, தொட்டால் உதிரும். டேப் தண்ணீரைத் தடுப்பதில்லை, உள்ளே புகுந்த உப்பீரத்தைக் காயவிடாமல் வைத்திருக்கிறது. டி.சி.யில் கரண்ட் எப்போதும் ஒரே திசைதான் என்பதால், உப்பீரம் பாலம் போட்டால் பிளஸ் பக்கச் செம்பு தொடர்ந்து கரைந்துகொண்டே இருக்கும். மைனஸைவிட பிளஸ் ஒயர் முந்திக் கெடுவது இதனால்தான். பச்சை ஏறிய நீளம் முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் செம்பில் லக் (ஒயர் நுனிக்கான உலோக முனை) அடித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) போடுங்கள். டெர்மினலை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். இஞ்சின் அதிரும் இடத்தில் ஈயம் வைத்த ஒயர் ஈயம் முடியும் விளிம்பில் ஒடியும், அதனால் அங்கே சால்டரிங் வேண்டாம். பிரெட்போர்டையும் படகில் ஏற்ற வேண்டாம்.

மீட்டரிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஆம்பியர் பார்த்துவிட்டு, சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டு, அடுத்து பேட்டரி வோல்ட் பார்க்கப் போனால் அது நேர் ஷார்ட். விலை குறைந்த மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது. பேட்டரியின் உள்தடையை 10 மில்லி ஓம் என்று வைத்தாலும் 12.6-ஐ 0.01-ஆல் வகுத்தால் 1,260 ஆம்பியர். ஒயரும் மீட்டரும் தடுத்து எவ்வளவு குறைத்தாலும் கம்பி சிவந்து எரிய மிச்சமுள்ளதே போதும். ஃபியூஸ் அவசியம் என்பதும் இதே கணக்கில் வருகிறது. பிளஸ் தண்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் போடுங்கள், விளக்குக்குப் பக்கத்தில் போட்டால் நடுவிலுள்ள ஒயரைக் காக்க ஆளில்லை. 5 ஆம்பியர் விளக்கு, 2.5 ஒயர் என்றால் 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸ். அது போனால் வெள்ளிக் காகிதம் சுற்றாதீர்கள், எங்கே உரசுகிறது என்று தேடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மைனஸ் இஞ்சின் பாடியோடு சேர்ந்திருக்கும் படகில், பிளஸ் நட்டைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது.