பல்கலைக்கழக வளாக விரிவாக்கம்: திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பல்கலைக்கழகத்தின் அடுத்த இருபது ஆண்டு வளர்ச்சிக்கு முதன்மைத் திட்டம் வகுக்க அமரும் குழு, வழக்கமாக முதலில் கேட்பது எந்தெந்தத் துறைக்கு என்னென்ன கட்டடம் வேண்டும் என்பதைத்தான். பட்டியல் வந்து சேர்ந்ததும் வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடங்களில் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திவிடுகிறார்கள். ஆனால் வெறுமையாகத் தெரியும் இடம் மழைநீர் தேங்கி வடியும் தாழ்நிலமாக இருக்கலாம், ஏரிக்குச் செல்லும் ஓடையின் பழைய தடமாகவும் இருக்கலாம். எனவே எங்கே கட்டக்கூடாது என்பதை நிலமட்டத்தையும் நீர்வழிகளையும் அளந்து முடிவு செய்த பிறகே கட்டடப் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும்.

மரங்களை வெட்டாமல் விட்டால் போதும் என்ற எண்ணமும் இதே தவறின் இன்னொரு வடிவம். கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் 1959இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடி வளாகத்தில் புள்ளிமான்களோடு வெளிமான்களும் வாழ்ந்து வருகின்றன. வெளிமானுக்குத் தேவை அடர்ந்த மரநிழல் அன்று, திறந்த புல்வெளி. மரமில்லாத திடலைக் கட்டுமானத்துக்கு ஒதுக்கிவிட்டு, மரங்களைக் காப்பாற்றினோம் என்று நிறைவு கொள்ளும் திட்டம் அந்த விலங்கின் வாழிடத்தையே பறித்துவிடும்.

அடுத்த தவறு, மாணவர் எண்ணிக்கை ஆண்டுதோறும் சீராக உயரும் என்று கணக்கிடுவது. மத்திய உயர்கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இட ஒதுக்கீடு தரும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பிரிவு இடங்கள் குறையாத வகையில் நடைமுறைக்கு வந்ததால், மொத்த இடங்கள் ஏறத்தாழ 54 விழுக்காடு உயர வேண்டியிருந்தது. 2019இல் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு ஒதுக்கீடு வந்தபோது மீண்டும் 25 விழுக்காட்டளவு கூடுதல் இடங்கள் தேவைப்பட்டன. மாணவர் எண்ணிக்கையைக் கணித்து வரைந்த எந்தக் கோட்டிலும் இத்தகைய தாவல் தெரிந்திருக்காது. ஆகவே எந்த ஆண்டில் எந்தக் கட்டடம் என்று எழுதிவைப்பதை விட, விடுதி நெருக்கடி எந்த அளவை எட்டினால் எந்த நிலத்தைத் திறப்பது என்ற வரிசையை எழுதிவைப்பது பயன்தரும். அதற்கும் முன்பாக, இருக்கும் வகுப்பறைகளின் கால அட்டவணையை ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஒரு துறை தன் அறைகளைப் பிற்பகலில் பூட்டி வைத்திருக்க, பக்கத்துத் துறை இடமில்லை என்று மனுக் கொடுப்பதை எந்த வளாகத்திலும் காணலாம்.

புதிய கட்டடத்துக்கு நிதி கேட்கும்போது, அதைப் பராமரிக்கும் செலவைத் திட்டத்தில் சேர்க்காமல் விடுவது மிகப் பெரிய தவறு என்பேன். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு, கூரைக் கசிவை அடைப்பதற்கு இல்லை. புகழ்பெற்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த அகமதாபாத் ஐஐஎம் வளாகத்தின் செங்கல் விடுதிகள் கசிவாலும் விரிசலாலும் சிதைந்த நிலையில், 18 விடுதிகளில் 14ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட நிறுவனம் 2020 டிசம்பரில் முன்வந்தது. உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் எதிர்த்ததால் சில நாள்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. அதே வளாகத்தில் புதுப்பிக்கப்பட்ட நூலகம் 2019இல் யுனெஸ்கோ விருது பெற்றிருந்தது. இருந்தும் விடுதிகளை மீளக்கட்டும் பேச்சு 2022இல் மறுபடியும் எழுந்தது. பராமரிப்பு தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் இத்தகைய சிக்கல் இறுகிக்கொண்டே போகிறது.

சாய்தளமும் மின்தூக்கியும் பிற்சேர்க்கையாக ஒட்டப்படுவதைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

தமிழக அரசுப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்றாண்டு, முதன்மைத் திட்டத்தின் ஆயுளோ இருபதாண்டு. புதிதாக வருபவர் தமக்குப் பிடித்த இடத்தில் அடிக்கல் நாட்டிவிட்டால் முந்தைய உழைப்பு அலமாரிக்குப் போய்விடும். திட்டத்திலிருந்து விலகும் எந்தக் கட்டடமும் காரணம் எழுதப்பட்ட ஆட்சிமன்றக் குழுத் தீர்மானம் இல்லாமல் தொடங்கப்படலாகாது என்ற விதியைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.