சிவப்புத் திரை வந்தால்

திருஞானசம்பந்தர் வீதியில் சிறிய கணினிக் கடை வைத்திருக்கிறேன். உயர்தரப் பெறுபேறு வெளியான அன்று நிலாவெளியிலிருந்து வந்த தங்கை ஒருத்தி, வாட்ஸ்அப்பில் கிடைத்த இணைப்பைத் திறந்தாள். திரை முழுவதும் சிவந்தது. அவள் ‘விவரங்கள்’ என்பதை அழுத்தி உள்ளே நுழையப் பார்த்தாள். பதறிப்போய்த் தடுத்தேன்.

அந்தத் திரை வந்தால் பின்வாங்குங்கள். குரோம், பயர்பாக்ஸ் ஆகிய இணைய உலாவிகள் கூகுள் தொகுக்கும் ஆபத்தான தளங்களின் பட்டியலைப் பார்த்தே தடுக்கின்றன. எட்ஜ் உலாவிக்கு மைக்ரோசொப்டின் பட்டியல். பிறகு முகவரியை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். அவளுடையதில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது! பரீட்சைத் திணைக்களத்தின் சரியான முகவரியை நாங்களே தட்டச்சு செய்தோம், பெறுபேறு வந்தது.

ஏற்கெனவே கடவுச்சொல் கொடுத்துவிட்டீர்களா? உண்மையான தளத்துக்குச் சென்று உடனே மாற்றுங்கள். வங்கி அட்டை இலக்கம் என்றால் வங்கியை அழையுங்கள், விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்பது வேறு எச்சரிக்கை. பழைய கணினிகளில் பெரும்பாலும் திகதிதான் பிழை. உள்ளிருக்கும் சிறு பற்றரி தீர்ந்திருக்கும். திகதியைத் திருத்துங்கள். அப்போதும் எச்சரிக்கை போகவில்லையென்றால் அங்கே எதையும் நிரப்பாதீர்கள்.