தரம் பிரித்த எலுமிச்சையை மறுபடி எதற்குக் குவிக்கணும்?

புளியங்குடியில் என் மாமாவுக்கு எலுமிச்சை கமிஷன் கடை. 2019-இல் ஊர் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது, ஆனால் பேச்சும் கொள்வினை கொடுப்பினையும் இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். நான் பாளையங்கோட்டையில் கணினி வகுப்பு எடுப்பவள். போன கோடை லீவில் மாமா கடையில் உட்கார்ந்து 180 காய்களை எடை போட்டேன், வெர்னியர் வைத்துக் குறுக்களவு எடுத்தேன், வெள்ளைத் துணியில் வைத்துப் போனில் படம் பிடித்து நிறத்தை ஓர் எண்ணாக மாற்றினேன். கடையில் தரம் பிரிக்கிற அக்கா ஒவ்வொரு காயையும் கையில் வாங்கி லேபிள் சொன்னார்: முதல் தரம் 90, இரண்டாம் தரம் 70, கழிவு 20. பிறகு லேபிளைப் பார்க்காமல், அளவுகளை மட்டும் வைத்து ஒத்த காய்களைக் கணினியே குவியலாகச் சேர்க்கட்டும் என்று நினைத்தேன். இதற்குத்தான் கிளஸ்டரிங் என்று பெயர்.

"அவதான் பிரிச்சுட்டாளே, பெறவு எதுக்குட்டி கம்ப்யூட்டர்?" என்றார் மாமா. நியாயமான கேள்வி. என் மாணவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்: லேபிள் இல்லாத தரவுக்குத்தானே கிளஸ்டரிங்?

புதுக் காய் வந்தால் அது எந்தத் தரம் என்று கணிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால், கிளஸ்டரிங் வேண்டாம். லேபிளைக் கொண்டு ஒரு வகைப்படுத்தியைப் பயிற்றுவித்துவிட்டுப் போகலாம். லேபிள் இருந்தும் கிளஸ்டரிங் செய்ய எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள் உண்டு. லேபிளில் பிழை இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே பெயருக்குள் இரண்டு சாதி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். நாம் எடுத்த அளவுகளுக்கு அந்தத் தரத்தைப் பார்க்கும் கண் இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம். மூன்றாவதுதான் பெரும்பாலும் உருப்படியான பலன் தருகிறது.

முதல் வேலை, லேபிளைத் தனியாகக் கழற்றி வைப்பது. இதில் நானே வழுக்கி விழுந்தேன். லேபிளை மூன்று 0/1 நெடுவரிசைகளாக மாற்றி வைத்திருந்ததை மறந்து, மொத்த அட்டவணையையும் கே-மீன்ஸுக்குக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு காயையும் அதற்கு மிக அருகிலுள்ள குவியல் மையத்தோடு சேர்க்கிற கிளஸ்டரிங் முறை அது. லேபிளோடு 0.93 பொருத்தம் வந்தது (1 என்றால் முழுப் பொருத்தம்). ராத்திரி பத்து மணிக்கு மாமாவை எழுப்பிக் காட்டினேன். மறுநாள் காலையில்தான் விடையையே கேள்வித்தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தது தெரிந்தது. எடுத்துவிட்டு ஓட்டினால் 0.19.

அடுத்தது அளவுகோல். எடை கிராமில், குறுக்களவு மில்லிமீட்டரில், நிறம் பாகையில் இருக்கும். கே-மீன்ஸ் தூரத்தை மட்டும் பார்க்கும், அலகைப் பார்க்காது. எந்த நெடுவரிசையில் எண்கள் அதிகமாகச் சிதறியிருக்கிறதோ அது மற்றதை அமுக்கிவிடும். அதனால் ஒவ்வொன்றிலும் சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுக்கணும். ஆனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1936-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் வெளியிட்ட ஐரிஸ் பூத் தரவை எடுங்கள்: 3 இனம், இனத்துக்கு 50 பூ, பூவுக்கு 4 அளவு. எல்லாமே சென்டிமீட்டர்தான். அப்படியே மூன்று குவியலாகக் கே-மீன்ஸ் ஓட்டினால் 50, 62, 38 என்று பிரியும், பொருத்தம் 0.73. அளவை ஒழுங்குபடுத்திவிட்டு ஓட்டினால் 0.62 ஆகக் குறைகிறது. அங்கே இனத்தைக் காட்டிக்கொடுப்பது இதழின் நீளம், அதன் சிதறல்தான் பெரிது. அதை மட்டம் தட்டினால் நமக்குத்தான் நட்டம். எனக்கு அலகுகள் வேறு வேறாக இருந்ததால் ஒழுங்குபடுத்தித்தான் ஆகணும்.

பொருத்தம் என்று நான் சொல்வது திருத்திய ராண்ட் குறியீடு. ஹ்யூபர்ட், அராபி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் கொடுத்த வடிவம். முழுதும் ஒத்துப்போனால் 1, குருட்டாம்போக்கில் போட்டதற்குச் சமம் என்றால் சுமார் 0, அதற்கும் கீழே போனால் எதிர்மறை. சாதாரணத் துல்லியக் கணக்கு இங்கே உதவாது. கிளஸ்டர் 0 என்பது முதல் தரம் என்று யாரும் சொல்லவில்லை, அந்த எண் வெறும் பெயர். ஒரு குவியலில் ஒரே தரக் காய்தான் இருக்கிறதா, "எத்தனை சதவீதம் தூய்மை" என்று பார்ப்பதிலும் ஒரு வம்பு உண்டு: 180 காய்க்கு 180 குவியல் போட்டால் தூய்மை நூற்றுக்கு நூறு.

0.19 வந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒற்றை எண்ணை நம்பாமல், எந்தக் குவியலில் எந்த லேபிள் எத்தனை என்று குறுக்கு அட்டவணை போடுங்கள். பைத்தான் மொழியின் தரவு நூலகமான பாண்டாஸில் ஒரே வரிதான். எனக்கு வந்தது இது:

குவியல் அ: முதல் 52, இரண்டாம் 9, கழிவு 1
குவியல் ஆ: முதல் 31, இரண்டாம் 22, கழிவு 7
குவியல் இ: முதல் 7, இரண்டாம் 39, கழிவு 12

இந்த மூன்று வரியோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். முதல் தரம் ஏன் இரண்டாக உடைந்தது? படங்களை எடுத்துப் பார்த்தால் 'அ'வில் பருத்த பச்சைக் காய், 'ஆ'வில் மஞ்சள் பழம். மாமாவிடம் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்கத்தான் ரெண்டு வாரமா? பச்சை கேரளா லோடுக்கு, வழியில தாங்கும். மஞ்சள் இங்கனயே வித்துரணும்." ஆக, கடையில் எல்லாருக்கும் தெரிந்த வித்தியாசம் லேபிளில் மட்டும் இல்லை.

'இ'யில் மாட்டிய 7 முதல் தரக் காய்களைத் தனியாக எடுத்தேன். நான்கு என் பிழை, ஒரு வரி தள்ளி லேபிளை அடித்திருக்கிறேன். மற்ற மூன்றையும் அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கட்டைவிரலால் லேசாக அமுக்கினார். "சின்னதுதான் தாயி. ஆனா தோலு மெல்லிசு, சாறு நெறைய இருக்கும். கையில கனம் தெரியுதுல்ல?"

கனம். எடை என்னிடம் இருந்தது, குறுக்களவும் இருந்தது, ஆனால் பருமனுக்கு ஏற்ற எடை என்று ஒரு நெடுவரிசை இல்லை. எடையைக் குறுக்களவின் முப்படியால் வகுத்து ஒன்று சேர்த்தேன். திரும்ப ஓட்டியபோது 'ஆ'வில் கலந்து கிடந்த தோல் தடித்த இரண்டாம் தரக் காய்கள் பெரும்பாலும் விலகிப்போயின. கிளஸ்டரும் லேபிளும் முட்டிக்கொள்ளும் இடத்தில் யார் சரி என்று பஞ்சாயத்து வைக்காமல், அந்தக் காயைக் கையில் எடுத்து, லேபிள் போட்டவரிடம் காரணம் கேளுங்கள்.

கழிவு மட்டும் எதற்கும் மசியவில்லை. அக்கா அவற்றை ஒதுக்கியது சொறி விழுந்ததைப் பார்த்து. எடையிலும் குறுக்களவிலும் சொறி தெரியாது, நிறத்தைச் சராசரி எடுத்தபோது புள்ளிகள் கரைந்துவிட்டன. போதாததற்கு அவை மொத்தமே 20. கே-மீன்ஸுக்கு ஏறக்குறைய ஒத்த அளவுள்ள உருண்டைக் குவியல்தான் பிடிக்கும். சின்னக் கூட்டத்தைப் பெரிய கூட்டம் விழுங்கிவிடும். அதற்குக் காசியன் கலவை மாதிரியை முயன்று பார்க்கலாம், நீள்வட்டக் குவியலையும் ஏற்கும். 1996-இல் வந்த டிபிஸ்கேன் என்ற கிளஸ்டரிங் முறை எந்தக் குவியலோடும் ஒட்டாத புள்ளிகளைத் தனியே ஒதுக்கும். இரண்டையும் ஓட்டினேன். அளவில் இல்லாததை எந்த முறையும் கொண்டுவராது.

எத்தனை குவியல்? லேபிள் மூன்று என்பதற்காக மூன்றோடு நிற்காதீர்கள். 2 முதல் 8 வரை ஓட்டிச் சில்லவுட் மதிப்பைப் பாருங்கள். அது -1 முதல் 1 வரை இருக்கும், லேபிளைத் தொடாமலேயே குவியல்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்று சொல்லும். எனக்கு நான்கில் உச்சம். தொடக்கப் புள்ளிகளை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டச் சொல்லுங்கள், ஒருமுறை ஓட்டியது மோசமான இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், குவியல் எண்ணையே ஒரு நெடுவரிசையாக்கி வகைப்படுத்திக்குக் கொடுக்க ஆசை வரும். கொடுக்கலாம். ஆனால் வகைப்படுத்தியைப் பயிற்றுவிக்க எடுத்த காய்களை மட்டும் குவித்து, அந்த மையங்களை வைத்து, அதைச் சோதிக்க ஒதுக்கிய காய்களுக்கு எண் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் குவித்துவிட்டுப் பிறகு பிரித்தால் சோதனையின் வாசனை பயிற்சிக்குள் வந்துவிடும்.

இப்போது அக்காவின் நோட்டில் 'முதல் பச்சை', 'முதல் மஞ்சள்' என்று இரண்டு பத்தி. ஆடியில் போகும்போது சொறிப் புள்ளிகளை எண்ணி எழுத மூன்றாவது பத்தி கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு அக்கா கூலி கேட்டிருக்கிறார், மாமா இன்னும் சரி சொல்லவில்லை.