யாழ்ப்பாணத்தில் சைக்கிளும் காரும் ஒரே வீதியில்: புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்கு

காலை ஏழு மணிக்குப் பலாலி வீதியில் திருநெல்வேலிச் சந்தியடியில் நின்று பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கம்பஸ் மாணவர்கள், கரியரில் மரக்கறி மூட்டை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு நடுவே பஸ், ஓட்டோ, வான், மோட்டார் சைக்கிள். தொண்ணூறுகளில் எரிபொருள் தடை இருந்தபோதும் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோதும் இந்த ஊரைச் சுமந்தது சைக்கிள்தான். ஆனால் லைசென்ஸ் எடுக்கப் பழகுபவருக்குச் சைக்கிளை எப்படி விலத்துவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது குறைவு, சைக்கிள் பழகும் பிள்ளைக்கும் "ஓரமாப் போ" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அந்த "ஓரமாப் போ" போதாது, சில இடங்களில் அதுவே ஆபத்து. கார் பழகுபவரும் சைக்கிள் பழகுபவரும் கீழே உள்ள எல்லாப் படிகளையும் வாசியுங்கள். மற்றவர் ஏன் அப்படி ஓடுகிறார் என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வார் என்று ஊகிக்க முடியும்.

படி 1: சைக்கிளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

ஹாண்டில் அகலம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். ஆனால் ஓடும் சைக்கிள் அந்த அகலத்துக்குள் நிற்காது. மெதுவாக மிதித்தால் இரண்டு பக்கமும் ஆடும், கரியரில் பாரம் இருந்தால் இன்னும் ஆடும், குழி வந்தால் விலகும். நமது காப்பெற் வீதிகளின் ஓரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பல இடங்களில் நாலு விரல் உயரத்துக்கு இறக்கம், அதற்குப் பக்கத்தில் மணல், அதற்கும் அப்பால் மூடியில்லாத கான். முன்சில்லு அந்த இறக்கத்தில் விழுந்து, மறுபடி தாரில் ஏற்றப் பார்த்தால், சில்லு விளிம்பில் தேய்ந்து வழுக்கும். ஆள் விழுவது வலப்பக்கமாக, வாகனங்கள் வரும் பக்கமாக. அதனால் சைக்கிளில் போகிறவர் விளிம்பிலிருந்து முக்கால் மீற்றராவது உள்ளே ஓடுங்கள். காரில் இருப்பவர் அதைப் பார்த்து "நடு றோட்டில் ஓடுகிறான்" என்று கோபப்பட வேண்டாம், அவர் ஓட வேண்டிய இடம் அதுதான்.

படி 2: விலத்துவது (கார், வான், ஓட்டோ ஓடுபவர்களுக்கு)

இதை ஆறுதலாக வாசியுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சைக்கிளுக்கும் உங்கள் வாகனத்துக்கும் இடையில் ஒன்றரை மீற்றர் விடுங்கள். அளவு பிடிபடவில்லை என்றால், காரை நிறுத்திவிட்டுக் கதவை முழுதாகத் திறந்து பாருங்கள், அது ஏறக்குறைய ஒரு மீற்றர் வெளியே நிற்கும். அதற்கு மேலும் பாதி. அந்த இடத்தை விட வேண்டுமானால் நீங்கள் வீதியின் வலப்பக்கத்துக்குக் கொஞ்சம் ஏறியே ஆக வேண்டும், ஏற எதிரே இடம் இல்லை என்றால் விலத்த முடியாது. அவ்வளவுதான் கணக்கு. எதிரே பஸ் வருகிறது, நடுவால் நுழைந்துவிடலாம் என்று தோன்றும், அப்போது காலை அக்சிலேற்றரிலிருந்து எடுத்துப் பின்னால் போங்கள். 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும் சைக்கிளுக்குப் பின்னால் 50 மீற்றர் போக 12 செக்கன் ஆகும். நீங்கள் 40இல் போயிருந்தால் நாலரை செக்கன். இழந்தது எட்டு செக்கன்கூட இல்லை!

ஹோர்ன் அடிப்பதாக இருந்தால் தூரத்திலேயே ஒரு சின்னத் தட்டு. பின்னால் ஒட்டிக்கொண்டு நீளமாக அமுக்காதீர்கள். திடுக்கிட்ட ஆள் வலது தோள் பக்கமாகத் திரும்பிப் பார்ப்பார், தலை திரும்பும்போது வலது தோளும் பின்னால் போகும், ஹாண்டிலும் அந்தப் பக்கம் இழுபடும், சைக்கிள் நேரே உங்கள் பம்பருக்கு முன்னால் வரும். ஹோர்ன் அடித்துவிட்டேன், இனி வழி என்னுடையது என்று நினைப்பதுதான் இந்த ஊரில் எனக்கு மிகவும் பயமூட்டும் பழக்கம்.

விலத்திய பிறகு உடனே இடப்பக்கம் வெட்டாதீர்கள். இடது பக்கக் கண்ணாடியில் சைக்கிள்காரர் முழுதாகத் தெரிந்த பிறகுதான் திரும்பி வர வேண்டும். இடப்பக்க ஒழுங்கைக்குள் இறங்கப்போகிறீர்களா? அப்படியானால் விலத்தவே வேண்டாம். அவரைத் தாண்டிப் போய் அவருக்கு முன்னால் குறுக்கே திரும்புவதை விட, பின்னால் நின்று அவர் ஒழுங்கை வாசலைக் கடந்ததும் திரும்புங்கள்.

வேகம் பற்றி ஒரு விசயம். 50 கிலோமீற்றர் வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் போகிறது. ரியூசன் விட்டு ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளை வெளியே வருவதைக் கண்டு உங்கள் கால் பிறேக்குக்குப் போகிறதற்குள் அந்த 14 மீற்றர் போய்விடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் பிறேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்கு. கொக்குவில், கோண்டாவில் பக்கத்து மதில் உயர்ந்த ஒழுங்கைகளில் சந்திக்கு அந்தப் பக்கம் எதுவுமே தெரியாது, அங்கே 20க்கு மேல் தேவையில்லை.

படி 3: கதவு திறப்பது

கஸ்தூரியார் வீதியில் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். சாரதி தன் வலப்பக்கக் கதவை இடது கையால் திறக்க வேண்டும். அப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். இடப்பக்கத்தில் இருப்பவர் வலது கையால். பிள்ளைகளுக்கும் இதையே பழக்குங்கள். சைக்கிளில் போகிறவர் நிறுத்தியிருக்கும் வாகனங்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளி ஓட வேண்டும்.

படி 4: சைக்கிளை எடுக்குமுன்

இரண்டு பிறேக்கும் பிடிக்கிறதா, ரயரில் காற்று இருக்கிறதா, பெல் அடிக்கிறதா. வீட்டில் பழைய கம்பி பிறேக் லுமாலா சைக்கிள் இருந்தால் மழை நாளில் கவனம்: நனைந்த இரும்பு ரிம்மில் பிறேக் கட்டை சரியாகப் பிடிக்காது, வழக்கத்தை விட முன்னாலேயே மெதுவாகப் பிடிக்கத் தொடங்குங்கள். சோல் போட்டிருந்தால் பின்னால் தொங்கவிடாமல் இடுப்பில் கட்டுங்கள். ஒரு கையில் குடை பிடித்து ஓடவே கூடாது, மழைக்கு ரெயின்கோட் போடுங்கள்.

படி 5: நேராக ஓடுவது, வலப்பக்கம் திரும்புவது

நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுங்கள். நிறுத்தியிருக்கும் கார்களுக்கு இடையில் உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனால் பின்னால் வருபவருக்கு நீங்கள் திடீர் திடீரென்று முளைக்கிறீர்கள்.

வலப்பக்கம் திரும்புவதுதான் புதியவர்களுக்குக் கஷ்டம். முதலில் ஒரு மைதானத்திலோ ஆளில்லாத ஒழுங்கையிலோ, ஹாண்டிலை ஆட்டாமல் வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள், பிறகு ஒரு கையை விட்டு ஓடப் பழகுங்கள். இரண்டும் கைவந்த பிறகு வீதிக்கு வாருங்கள். திரும்ப வேண்டிய இடத்துக்கு 30 மீற்றர் முன்னாலேயே பின்னால் பாருங்கள், வலது கையை முழுதாக நீட்டுங்கள், பின்னால் வருபவர் வேகம் குறைத்தாரா என்று மறுபடி பாருங்கள், அப்புறம்தான் நடுவுக்கு எடுங்கள். கை காட்டிக்கொண்டே வெட்டினால் கை காட்டியதில் பயன் இல்லை. கண்டி வீதி மாதிரி நெரிசலான வீதியில் இந்த வேலையே வேண்டாம். இடப்பக்கமே நிறுத்தி இறங்கி, மஞ்சள் கடவையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடவுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ரியூசன் விட்டதும் மூன்று பேர் நான்கு பேர் கதைத்துக்கொண்டு அருகருகே ஓடுவது எவ்வளவு சந்தோஷம் என்று தெரியும், ஆனால் பிரதான வீதியில் ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.

படி 6: பஸ், ரிப்பர் லொறி

இவற்றின் இடப்பக்கத்தில் நுழையாதீர்கள், சாரதிக்கு அங்கே உங்களைத் தெரியாது. நீண்ட வாகனம் இடப்பக்கம் திரும்பும்போது பின்சில்லு முன்சில்லு போன பாதையில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். தரிப்பில் பஸ் நின்றால் பின்னால் நில்லுங்கள். பஸ் சாரதிகளே, ஒரு சைக்கிளை விலத்தி அதற்கு முன்னாலேயே தரிப்பில் ஒதுக்குவதை விட, அது போன பிறகு ஒதுக்குங்கள்.

படி 7: தண்டவாளம், இருட்டு

2014இல் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த வருடம் காங்கேசன்துறைக்கும் ரயில் திரும்பி வந்தது. ஒழுங்கைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில் இறங்கி, காதில் ஹெட்போன் இல்லாமல், இரண்டு பக்கமும் பாருங்கள். சைக்கிளில் ஓடியே கடப்பதானால் தண்டவாளத்துக்குச் செங்குத்தாகப் போங்கள், சரிவாகப் போனால் சில்லு இடுக்கில் சிக்கும்.

இரவில் முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற் அல்லது ரிஃப்ளெக்டர், வெளிர் நிற உடுப்பு. போனின் ரோச்சைக் கையில் பிடித்து ஓடுவது பின்னால் வருபவருக்கு உதவாது. காரில் வருபவர் எதிரே சைக்கிளைக் கண்டால் டிம் பண்ணுங்கள், கண் கூசினால் அவருக்கு வீதி விளிம்பு தெரியாது.

படி 8: இடிபட்டுவிட்டால்

வாகனத்தை நிறுத்தி ஹசார்ட் லைற் போடுங்கள். விழுந்தவரைக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழுத்து, முதுகு அடிபட்டிருக்கலாம். 1990க்கு எடுத்தால் இலவச அம்புலன்ஸ் வரும், பொலிஸுக்கு 119. பலர் எழுந்து தூசு தட்டிக்கொண்டு "ஒண்டுமில்லை அண்ணை" என்று சைக்கிளை எடுக்கப் பார்ப்பார்கள். தலை அடிபட்டிருந்தால் விடாதீர்கள், வீட்டுக்கு அறிவித்து ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள். சில மணித்தியாலம் கழித்து வாந்தியோ, வழக்கமில்லாத தூக்கமோ, மாறிப் பேசுவதோ தெரிந்தால் விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த நேரமே கொண்டுபோக வேண்டும்.