மழைச் சத்தத்துக்கு அஞ்சிய என் மகள்

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு, சைதாப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு நீர் புகுந்தபோது என் மகளுக்கு வயது 6. வீடு காய்ந்த பிறகும், ஜன்னலின் தகர மறைப்பில் தூறல் விழும் சத்தம் கேட்டாலே புத்தகப்பையைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எப்போதோ நின்றிருந்த படுக்கை நனைப்பும் திரும்பியது. "ஒன்றும் ஆகாது கண்ணம்மா" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் தவறு என்பதை, குழந்தைகள் மனநல மருத்துவர் பொறுமையாக விளக்கிய பின்னரே உணர்ந்தேன். ஏற்கெனவே ஒருமுறை ஆகிவிட்டதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள் அல்லவா?

அதன்பின் அவள் பயத்தை மறுப்பதை விட்டு, அன்றிரவு நடந்ததை வரையவும் சொல்லவும் இடம் கொடுத்தேன். சான்றிதழ்கள், டார்ச், மாற்றுடை, அவளுடைய கரடிப் பொம்மை ஆகியவற்றை இருவரும் சேர்ந்து ஒரு பையில் கட்டிப் பரண்மேல் வைத்தோம். டார்ச் எரிகிறதா என்று வாரந்தோறும் பார்ப்பது அவள் பொறுப்பு. மழை நாளிலும் சாப்பாடு, கதை, உறக்கம் ஆகியவற்றின் நேரத்தை மாற்றவில்லை. அன்று நானும் பயந்து அழுதேன் என்பதை மறைக்காமல் சொன்னதே எல்லாவற்றையும்விட உதவியது என்று நினைக்கிறேன். படுக்கை நனைப்பு 3 மாதத்தில் நின்றது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வீசி மின்சாரம் போனபோது, டார்ச்சை அவளே எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.